மூச்சுப் பயிற்சியும் முட்டைக்கோஸ் லோரியும்

எங்கள் பல்கலைக்கழகத்துக்கு ஆராய்ச்சி மாணவர்களின் மனநலத்தில் அக்கறை அதிகம். அதனால்தான் மன அழுத்தம் குறைக்கும் பட்டறையை ஞாயிற்றுக்கிழமை வைத்தார்கள். வராதவர்கள் விளக்கம் எழுதித் தர வேண்டும் என்றார்கள். கண்ணை மூடி மூச்சை இழுத்துவிடச் சொன்னார் பயிற்சியாளர். மூடினேன். அழுகை வந்தது, நிற்கவில்லை. பயிற்சி பலித்துவிட்டதென்று மகிழ்ந்து அவர் என்னைப் படம் எடுத்துக்கொண்டார்.

மண்ணில் பூச்சிமருந்து எவ்வளவு தங்குகிறது என்பது என் ஆய்வு. பல மாதங்களாக எனக்குத் தூக்கமில்லை. மறுநாளே பஸ் ஏறி, கம்போங் ராஜா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் எங்கள் லயத்து வரிசை வீட்டுக்கு வந்து போர்த்திப் படுத்துவிட்டேன்.

எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். "லவ் பிரச்சனையா லா? சொல்லு, யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

மாலைக்குள் லயம் முழுக்க எனக்கொரு காதலன் இருந்தான். கார்கூட வைத்திருந்தானாம்.

அப்பா காய்கறி லோரி ஓட்டுபவர். படித்துப் படித்து அலுத்துவிட்டது, அழுகையாக வருகிறது என்று அவரிடம் சொன்னேன். "உக்காந்து படிக்கிறதுக்கே இவ்ளோ அலுப்பா? அப்ப என் லோரி எவ்ளோ அழணும்!" என்று சிரித்தார்.

சாப்பிடும்போது கைபேசி அடித்தது. என் ஆய்வை மேற்பார்க்கும் பேராசிரியர். எனக்கு மூச்சு முட்டியது, உடம்பெல்லாம் வேர்த்தது. அப்பாவின் சிரிப்பு நின்றது. போனை அவரே எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"நல்லா ஓய்வெடுக்கச் சொல்லுங்க," என்றார் பேராசிரியர், அன்பொழுக. "அப்படியே வெள்ளிக்கிழமைக்குள்ள அந்த அத்தியாயத்தையும் அனுப்பச் சொல்லுங்க."

"புள்ளைக்கு உடம்பு சரியில்லங்க. வெள்ளிக்கிழமை ஒண்ணும் வராது லா."

இத்தனை வருடப் படிப்பில் எனக்கு வராத வாக்கியம் அது.

காலையில் முட்டைக்கோஸ் ஏற்றிய லோரியிலேயே கிளினிக் போனோம். "நல்லா தூங்கி எவ்ளோ நாளாச்சு?" என்று கேட்ட இளம் டாக்டரம்மா கொட்டாவியை அடக்கப் பார்த்துத் தோற்றார். மனச்சோர்வு என்றார், மருந்து கொடுத்து, ஒரு பருவம் விடுப்பு எடுக்கச் சொன்னார்.

"பைத்தியம் இல்லையே டாக்டர்?" என்றார் அப்பா.

"இல்லைங்க. ஓய்வே இல்லாம ரொம்பக் களைச்சுட்டாங்க. சரியாயிடும்."

திரும்பும் வழியில் அப்பா, "முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா," என்றார்.

"சொன்னேன்ப்பா. லோரி அழும்னீங்க."

அப்பா லோரியைக் கோலா தெர்லாவில் நிறுத்தி, அவித்த சோளம் வாங்கித் தந்தார்.

விடுப்பு கிடைத்தது. சும்மா இருக்கும் நேரத்தில் ஒரு கட்டுரை எழுதலாமே என்று பேராசிரியர் பெருந்தன்மையோடு கேட்டார். முடியாது என்று எழுதி அனுப்பிவிட்டு, மத்தியானம் முழுக்கத் தூங்கினேன். அடுத்த பருவம் வேறொரு பேராசிரியரிடம் சேர்ந்தேன். ஆய்வு இன்னும் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போனை எடுப்பதில்லை.