என் மருமகன் போட்ட விளக்கும் நான் போட்ட தளமும்

என் மருமகனைப் பற்றி இந்த ஊரில் நல்லதாகவும் பேசுகிறார்கள், கெட்டதாகவும் பேசுகிறார்கள். இரண்டு பேச்சும் எனக்குப் பிடிக்கவில்லை. பெண்ணைக் கொடுத்தவன் நான், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவனும் நான். அதனால் நானே எழுதிவிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன். மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. ஆனால் மண் சுமந்து, கரண்டி பிடித்து, மேஸ்திரியாகி, இந்த ஊரில் பாதி வீடுகளுக்குத் தளம் போட்டவன் நான். நான் போட்ட தளம் எதுவும் ஒழுகியதில்லை. சந்தேகம் இருப்பவர்கள் மழைக்காலத்தில் போய் அண்ணாந்து பார்த்துக்கொள்ளலாம்.

மருமகன் சைக்கிள் கடை வைத்திருந்தார். அவரை வார்டு மெம்பர் ஆக்கியது அவர் வாய் இல்லை, காது. பஞ்சர் ஒட்டி முடிக்கும்வரை கடைக்கு வருகிறவர்கள் எதையாவது புலம்புவார்கள். இவர் குனிந்த தலை நிமிராமல் கேட்டுக்கொண்டே இருப்பார். அடுத்த தடவை வரும்போது, "அந்தக் குழாய் விஷயம் என்னாச்சு?" என்று அவரே விசாரிப்பார். அப்படிக் கேட்டுக் கேட்டே ஓட்டு வாங்கிவிட்டார்.

ஜெயித்த பிறகும் பழக்கம் போகவில்லை. ஒவ்வொரு மாதமும் இரண்டாம் ஞாயிறு காலையில் ஒரு தெருவைப் பிடித்து, அதன் முனையில் மடக்கு மேஜையைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். கொடி கிடையாது, மைக் கிடையாது. சாக்கடை அடைப்பு, பக்கத்து வீட்டு நாய், மாமியார் மருமகள் சண்டை என்று எல்லாம் அந்த மேஜைக்கு வரும். வலது பக்கத்து நாற்காலி எனக்கு. சுவர் விரிசல், தளம் ஒழுகல் என்று யாராவது வந்தால் நான் போய்ப் பார்த்துச் சொல்வேன். மாமனாரை வைத்துப் பெயர் வாங்குகிறான் என்று சிலர் சொன்னார்கள். சொல்லட்டும். எத்தனை பேருக்கு இப்படி ஒரு மாமனார் வாய்த்திருக்கிறார்?

நடக்கிற காரியமாக இருந்தால் "செஞ்சுடலாம்" என்பார். நடக்காது என்றால் "பார்க்கலாம்" என்பார். என் மகள் சிரிப்பாள்: "இவரு பார்க்கலாம்னு சொன்னா, அன்னைக்கு நாங்க எங்கயும் போகலைன்னு அர்த்தம்பா." வீட்டில் இருக்கிறவர்களுக்கு அது விளங்கும். தெருவில் இருக்கிறவர்களுக்கு எப்படி விளங்கும்?

வாய்க்கால் கரையில் ஒரு தெரு இருந்தது. ஒரு பக்கம் கறுத்த தண்ணீர், இன்னொரு பக்கம் வரிசையாகத் தகரக் கூரை வீடுகள். அந்த மண் யாருடையது என்று கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஆனால் அவர்களுக்குள் ஒரு கணிப்பு இருந்தது. நகராட்சி தன் கையால் ஒரு பொருளைக் கொண்டுவந்து நட்டுவிட்டால், அந்த இடத்தை அப்புறம் தொடாது. அதிலும் தெரு விளக்கு வந்துவிட்டால் வேர் விட்டாயிற்று என்று பேச்சு. அதனால்தான் மாதா மாதம் அந்தத் தெருக்காரர்கள் தண்ணீரைக்கூடப் பின்னால் வைத்துவிட்டு விளக்கு, விளக்கு என்று கேட்டார்கள். மருமகன் அலைந்து அனுமதி வாங்கினார்.

அந்தத் தெருவில் இஸ்திரிக்காரம்மா என்று ஒருத்தி. வாய் உள்ள மனுஷி. தள்ளுவண்டியில் துணி தேய்ப்பாள். அவள் புருஷன் இரவுக் காவல்காரன். பகலில்தான் தூங்க வேண்டும். வெயிலில் காய்ந்த தகரத்துக்குக் கீழே, ஈரத் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்துக் கிடப்பான். தூக்கம் இல்லாமல் ஒருநாள் வேலை செய்கிற இடத்தில் மயங்கி விழுந்தான். இன்னொரு தடவை விழுந்தால் வேலை போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள். தகரத்தை எடுத்துவிட்டு காங்கிரீட் தளம் போட வேண்டும் என்று அவள் பல வருஷமாகச் சேர்த்துவந்தாள்.

விளக்கு நட்ட அன்று இரண்டாம் ஞாயிறு. பட்டப்பகலில் எரியவிட்டுக் காட்டினார்கள். ஜனங்கள் கை தட்டினார்கள். இஸ்திரிக்காரம்மா மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"தம்பி, லைட்டு போட்டுட்டே. இனி நான் தைரியமா தளம் போட்டுக்கலாமில்ல?"

மருமகன் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "பார்க்கலாம் அக்கா."

"என்னத்தைப் பார்க்கிறது? பொண்ணா பார்க்கப் போறே? பக்கத்துல மாமனார் உட்கார்ந்திருக்காரு, பார்த்துப் பேசு."

தெருவே சிரித்தது. மருமகன் சிரிக்கவில்லை. "மழை வரப்போகுதுக்கா. அது போகட்டுமே."

நான் விடுவேனா? "மழைக்குப் பயந்து தளம் போடுறவன் நான் இல்லம்மா. ஒரு சொட்டு ஒழுகினா என் மீசையை எடுத்துடறேன்."

"அதை வாங்கி நான் என்ன பண்ண, இஸ்திரியா போட?"

மறுபடியும் சிரிப்பு. அன்றைக்கே வேலை பேசி முடித்தாயிற்று.

எனக்கு அப்போது தெரியாத ஒன்று மருமகனுக்குத் தெரியும். அதற்கு முந்தின வாரம் நகராட்சியில் கதவைச் சாத்திக்கொண்டு கூட்டம் போட்டிருந்தார்கள். வாய்க்காலை அகலப்படுத்தப் போகிறார்கள், கரை வீடுகள் மொத்தமும் போகும் என்று முடிவு. தெரிந்தால் ஜனங்கள் கோர்ட்டுக்குப் போய்விடுவார்கள், வெளியே மூச்சு விடக் கூடாது, விட்டால் பதவி இருக்காது என்று மெம்பர்களை மிரட்டி அனுப்பியிருந்தார்கள். விளக்கு அதற்கு முன்னாலேயே உத்தரவாகிக் கிளம்பிவிட்டது. அதை நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். அவர் நிறுத்தவில்லை.

தளத்துக்குக் கீழே முட்டுக் கொடுத்து, சென்ட்ரிங் பலகை அடித்து, கம்பி கட்டிக்கொண்டிருந்தேன். மறுநாள் காங்கிரீட். மருமகன் தனியாக வந்தார்.

"மாமா, கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைங்களேன்."

"எதுக்கு மாப்ளே?"

"மழை…"

அண்ணாந்து பார்த்தேன். வானத்தில் ஒரு துணுக்கு மேகம் இல்லை. "மாப்ளே, டயருக்குக் காத்தடிக்கச் சொன்னா நான் உங்களைக் கேக்கறேன். தளத்துக்கு நீங்க என்னைக் கேளுங்க."

ஆட்கள் சிரித்தார்கள். அவர் ஒரு கம்பியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரிதான் இருந்தது. இஸ்திரிக்காரம்மா டீ கொண்டுவந்தாள். அதை வாங்காமல், கையில் ஒட்டின துருவைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போய்விட்டார். "என்ன, தம்பி டீ கூடக் குடிக்காம ஓடுது?" என்றாள் அவள். "கட்சிக்காரங்க டீயை எல்லாம் எண்ணிக்கிட்டா இருப்பாங்க? வேற வீட்ல குடிச்சிருப்பாரு," என்றேன் நான்.

தளம் போட்டோம். சின்னத் தளம்தான். ஆனால் என் கையில் வந்த வேலைகளிலேயே அதுதான் முதல் தரம். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். கம்பியை நெருக்கிக் கட்டினேன், ஜல்லியைக் கழுவிப் போட்டேன், தண்ணீர் கட்டி நிறுத்த நானே காலையும் மாலையும் போனேன். காவல்காரன் அதிகம் பேசமாட்டான். சென்ட்ரிங் முட்டுகளைப் பிரித்த பிறகு ஒருநாள் வழியில் நிறுத்திச் சொன்னான்: "பகல்ல போர்வை கேக்குது மேஸ்திரி." எத்தனையோ பெரிய மனிதர்கள் என்னைப் புகழ்ந்திருக்கிறார்கள். அது மாதிரி ஒன்று இல்லை.

மழைக்காலம் முடிந்ததும் மிஷின்கள் வந்தன. விடிவதற்குள் சாமானை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். போலீஸ் வந்து வரிசையாக நின்றது. முதல் வேலையாக நகராட்சி ஆள் ஒருவன் கம்பத்தில் ஏறி, விளக்கைக் கழற்றி, உடையாமல் சாக்கில் சுற்றி வைத்தான். அப்புறம் வீடுகள். தகர வீட்டை இடிக்க என்ன இருக்கிறது? மிஷின் கை பட்டதும் பிஸ்கட் டப்பா மாதிரி நசுங்கிப் படுத்தது. ஒன்று முடிந்து அடுத்தது என்று போய்க்கொண்டே இருந்தார்கள்.

இஸ்திரிக்காரம்மா வீட்டில் மிஷின் நின்றுவிட்டது. டிரைவர் மிஷினின் இரும்பு வாளியால் அடித்தான், வாளிதான் துள்ளியது. மறுபடி அடித்தான். மேல்பூச்சு உதிர்ந்ததே தவிர தளம் அசையவில்லை. டிரைவர் இறங்கி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "யாருய்யா இதைக் கட்டினது?" என்றான். அந்தக் கேள்விக்கு நான் எப்போதும் கையைத் தூக்குகிறவன். அன்றைக்குக் கை வரவில்லை.

உடைக்கிற மூக்கு வைத்த இன்னொரு மிஷினை வரவழைத்தார்கள். அது வந்து, டக்டக்கென்று கொத்தி, கம்பி கம்பியாக அறுத்து எடுக்க வேண்டியிருந்தது. மற்றவர்கள் லாரி ஏறிப் போய்விட்டார்கள். அவர்கள் இரண்டு பேரும் மட்டும் எதிர்க்கரையில் துணி மூட்டை மேல் உட்கார்ந்து, கடைசிவரைக்கும் பார்க்க வேண்டி வந்தது. காவல்காரன் ராத்திரி டியூட்டி முடித்து வந்தவன். கண் சிவந்து கிடந்தது. கடைசி லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.

போகும்போது அவள் என் பக்கத்தில் வந்தாள். "மேஸ்திரி, கொஞ்சம் மோசமாக் கட்டியிருக்கக் கூடாதா? எல்லாரு வீடும் போன மாதிரி சட்டுனு போயிருக்கும்."

வீட்டுக்கு வந்து மருமகனைக் கேட்டேன். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும் மாமா."

"என்கிட்டயாவது சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீங்க நிறுத்தியிருப்பீங்க. ஏன்னு தெருவே கேட்டிருக்கும்." தட்டில் இருந்த சோற்றை அவர் தொடவில்லை. என் மகள் பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஒரு மாதம் கழித்து, அவர்களைக் கொண்டுபோய் வைத்த இடத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஊருக்கு வெளியே, தீப்பெட்டி தீப்பெட்டியாக அடுக்குமாடி. அங்கிருந்து வேலைக்கு வர இரண்டு பஸ் மாற வேண்டும். காவல்காரனுக்கு வேலை போய்விட்டது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான், தூங்கவில்லை. அவள் கதவோரம் நின்று தேய்த்துக்கொண்டிருந்தாள். துணி கொஞ்சம்தான் இருந்தது.

மருமகன் வாசலிலேயே நின்றார். "அக்கா, எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சும் உங்ககிட்ட சொல்லல."

அவள் இஸ்திரிப் பெட்டியை நிறுத்தவில்லை. "மழைன்னு சொன்னியே தம்பி, அதையே வச்சுக்க. இப்ப நெஜத்தை வாங்கி நான் எங்க வைக்கிறது? வீடே இத்துனூண்டு."



அதற்கப்புறம் மனிதர் மாறிவிட்டார். மேஜை போடுவதை நிறுத்தவில்லை. ஆனால் ரோடு வருமா என்று கேட்டால் "இந்த வருஷம் வராது" என்கிறார். மூடின கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்று கேட்டால் அப்படியே சொல்லிவிடுகிறார். கட்சியில் கூப்பிட்டுத் திட்டினார்கள். அடுத்த தேர்தலுக்கு வேறு ஆளைப் பார்த்தும்விட்டார்கள். அந்த ஆள் பக்கத்துத் தெருவில் பந்தல் போட்டு, எல்லாருக்கும் "செஞ்சுடலாம்" சொல்லி டீ கொடுக்கிறான். கூட்டம் அங்கேதான்.

போன ஞாயிறு எங்கள் மேஜையைத் தாண்டி அங்கே போன ஒரு பாட்டரிக் கடைக்காரனை நான் மடக்கினேன். "ஏன்யா, உண்மையைச் சொல்ற மனுஷன் இங்க உட்கார்ந்திருக்காரு, தெரியலையா?"

அவன் கூச்சப்பட்டுக்கொண்டே நின்றான். "உங்க மாப்ள நல்லவருதான் மேஸ்திரி, இல்லைங்கல. ஆனா வாரம் பூரா ஒழைச்சிட்டு, ஞாயித்துக்கிழமை காலையில எழுந்து வர்றோம். கேக்கறதுக்கு ஒரு நல்ல வார்த்தை வேணாமா?"

மருமகன் காதில் அது விழுந்தது. "போகட்டும் விடுங்க மாமா," என்றார். நாங்கள் வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தோம். யாரும் வரவில்லை.