மாற்ற ஆள் வராத காவல்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். பிழைகளும் நிறைய இருக்கும். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு எழுத வேண்டிய வேலை எனக்கு வரவில்லை. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். நாலு பேர் முன்னால் நின்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் குப்பம் பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கிறது. இங்கிருந்து ராணுவத்துக்குப் போனவர் ஒரே ஒருவர், என் தங்கையின் கணவர். எனக்கு மாப்பிள்ளை. வடக்கே பனி மலையில் பல வருஷம் இருந்துவிட்டு, பென்ஷனோடு ஊர் திரும்பினார். வந்தபோது எனக்கு ஒரு கம்பளி மஃப்ளர் வாங்கி வந்தார். பச்சை நிறம். மார்கழியில் ஏரிக்காற்றுக்கு அதைத்தான் கழுத்தில் சுற்றிக்கொள்வேன்.

ஊர் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்ற அவரைத்தான் கூப்பிடுவார்கள். அம்மன் திருவிழாவில் முதல் மாலை ஊர்த் தலைவருக்கு, இரண்டாவது மாலை அவருக்கு. வீட்டு வாசலைத் தாண்டிப் போகிறவர்கள் எல்லாம் "மிலிட்டரி, நல்லா கீறியா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். பதிலுக்கு யாரும் நின்றதாக எனக்கு ஞாபகம் இல்லை. நானும் நின்றதில்லை.

அவர் ராத்திரியில் தூங்குவதில்லை என்பது வந்த கொஞ்ச நாளிலேயே ஊருக்குத் தெரிந்துவிட்டது. எந்த நேரத்துக்குக் கடலுக்குக் கிளம்பினாலும் அவர் கரையில் நின்றுகொண்டிருப்பார். அந்தச் சமயத்தில் மீன்பிடிப் போட்டுகளின் என்ஜின்கள் திருடு போய்க்கொண்டிருந்தன. ஒருநாள் தலைவர் அவரைக் கேட்டார்.

"இன்னா மிலிட்டரி, தூங்கவே மாட்டியா?"

"வரல தலைவரே."

"அப்ப ஒண்ணு பண்ணு. கரையில நாற்காலி போட்டுத் தரோம், குந்திக்கோ. திருட வர்றவனுக்கு உன் மீசையப் பாத்தாலே பேதியாவும்."

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். ஊர்ப் பணத்தில் நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் பெரிய டார்ச் லைட்டும் வாங்கிக் கொடுத்தோம். அதற்குப் பிறகு எங்கள் கரையில் ஒரு கயிறுகூடக் காணாமல் போகவில்லை. டீசல் கேனைப் போட்டிலேயே விட்டுவிட்டு வந்து படுப்போம். வருஷக்கணக்கில் அப்படித்தான் படுத்தோம்.

போன மார்கழியில் ஒருநாள் விடிகிற நேரத்தில் நண்டு வலையைப் பார்க்கப் போயிருந்தேன். எப்போதும் மணல் பாதையில் திரும்பி வருவேன். அன்று ஏரியில் தண்ணீர் குறைவாக இருந்ததால், கூடையைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே நடந்து, போட்டுகள் கட்டியிருக்கும் இடத்தில் கரை ஏறினேன். அவருடைய நாற்காலி காலியாக இருந்தது. ஒன்றுக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன்.

பின்னாலிருந்து ஒரு கை என் கழுத்தைப் பிடித்தது. அடுத்த நொடி என் முகம் சேற்றுக்குள் இருந்தது. முதுகின் மேல் ஒரு முழங்கால். அவர் இந்தியில் ஏதோ கேட்டார். எனக்கு இந்தி தெரியாது. திரும்பவும் அதையே கேட்டார், இன்னும் அழுத்தினார். "மாப்ள, நான்தான் மாப்ள" என்று கத்தினேன். வாய் நிறையச் சேறு. அது அவர் காதில் விழவில்லை. செத்துவிடப் போகிறேன் என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது.

மஃப்ளர்தான் என்னைக் காப்பாற்றியது. கழுத்திலிருந்து அவிழ்ந்து தண்ணீரில் மிதந்திருக்கிறது. அவர் அதைப் பார்த்திருக்கிறார். பிடி விட்டது.

நான் புரண்டு மூச்சு வாங்கினேன். அவர் சேற்றிலேயே உட்கார்ந்து தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், நீயா?"

"நான்தான் மாப்ள."

"பின்னால வராத மச்சான். யாரும் பின்னால வரக்கூடாது. என் கைய நம்பாத."

பிறகு எழுந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்து டார்ச் லைட்டைப் போட்டார். அப்போது நன்றாக வெளிச்சம் வந்துவிட்டிருந்தது.

நான் நேராகத் தங்கை வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அவள் கையிலிருந்த துடைப்பத்தைப் போட்டுவிட்டாள். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. என் கழுத்தைப் பார்த்துவிட்டு, "உன்னையுமாண்ணா?" என்றாள்.

அந்த 'உம்' என்னைத் தூக்கிப் போட்டது.

அவர்களுடைய சின்னப் பெண்ணை ஒருமுறை சுவரோடு சேர்த்து அழுத்திவிட்டாராம். அது விளையாட்டாகப் பின்னாலிருந்து அவர் கண்ணைப் பொத்தியிருக்கிறது. அன்றிலிருந்து அவர் பிள்ளைகள் பக்கத்தில் படுப்பதில்லை. சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போகும்போது இவள் தூரத்திலேயே நின்று தட்டில் கரண்டியால் தட்டுவாளாம். அவர் திரும்பிப் பார்த்த பிறகுதான் கிட்டப் போவாளாம். அந்தச் சத்தத்தை நானும் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். புருஷனைச் சாப்பிடக் கூப்பிடுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"இன்னான்னு சொல்றது? ஊரே அவர சாமி மாரி கும்புடுது. எம் புருசனப் பாத்தா எனக்கே பயமா கீதுன்னு யாராண்ட போயி சொல்றது?"

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். அவரை டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும், இல்லையென்றால் ஒருநாள் யாரையாவது கொன்றுவிடுவார், அல்லது தன்னையே ஏதாவது செய்துகொள்வார் என்றாள்.

ராணுவத்தில் இருந்தவர்களுக்கு வைத்தியம் பார்க்க ஓர் அட்டை உண்டு. அவரிடமும் இருந்தது. தங்கையின் முட்டி வலிக்கு அதை வைத்துத்தான் சென்னையில் காட்டினோம். தூக்கம் வராததற்கு அதே அட்டையை எடுத்துக்கொண்டு போகலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. அவர் முதலில் வர மறுத்தார். பைத்தியம் என்று எழுதிவிடுவார்கள், பென்ஷனை நிறுத்திவிடுவார்கள், பெண்ணை யாரும் கட்ட மாட்டார்கள் என்றார். நான் மஃப்ளரைக் கழற்றிவிட்டு, கழுத்து தெரிய எதிரில் நின்றேன். சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். அப்படிச் செய்தது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பஸ்ஸில் பொன்னேரிக்குப் போய் ரயில் ஏறினோம். பெட்டியில் இடம் இருந்தும் அவர் உட்காரவில்லை. சுவரில் முதுகை ஒட்டி நின்றுகொண்டு இரண்டு வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். மீஞ்சூரில் சுண்டல் விற்கிறவன் குரல் கொடுத்தபடி ஏறியதும், அவர் கை என் மார்புக்குக் குறுக்கே வந்து என்னைப் பின்னால் தள்ளியது. என்னைக் காப்பாற்றுகிறார் என்பது எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

சென்னை ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர் ஒரு பெண். எங்களைவிட வயதில் சின்னவர். தூக்கம் எப்படி என்று கேட்டார். மாப்பிள்ளை வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். வாயே திறக்காத எனக்கு அன்று எங்கிருந்து பேச்சு வந்ததோ தெரியவில்லை.

"அதெல்லாம் தூங்க மாட்டாரு மேடம். ராவெல்லாம் எங்க ஊருக்கு இவர்தான் காவல். இவரு குந்துனதுலேர்ந்து ஒரு கயிறு திருடு போனதில்ல."

அதைப் பெருமையாகத்தான் சொன்னேன். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"அங்க உட்காரச் சொன்னது யாரு?"

"ஊருதான் மேடம்."

அதற்குப் பிறகு அவர் என் பக்கம் திரும்பவில்லை. மாப்பிள்ளையிடம், "நீங்க சொல்லுங்க. கண்ணை மூடினா என்ன ஆகுது?" என்று கேட்டார்.

மாப்பிள்ளை கதவைப் பார்த்தபடியே சொன்னார். "மூடக் கூடாது மேடம். மாத்த ஆள் வரல."

"யாரை மாத்தறதுக்கு?"

"போஸ்ட்ல நிக்கிறவன் தானா எறங்கக் கூடாது. அடுத்த ஆள் வந்து, நான் வந்துட்டேன்னு சொல்லணும். சொன்னாத்தான் போய்ப் படுக்கலாம். அங்க ஒரு தபா, எனக்கு மாத்த வேண்டியவன் வரல. பனி கொட்டிச்சு. நின்னுக்குனே இருந்தேன். விடிஞ்சு பாத்தா, வர்ற வழியிலயே அவன்..." அதை முடிக்காமல், "இங்க வந்தேன். இங்கயும் குந்த வச்சாங்க. இங்கயும் யாரும் வரல" என்றார்.

நாற்காலி கொடுத்தோம். டார்ச் கொடுத்தோம். வருஷா வருஷம் மாலை போட்டோம். ஒருநாள்கூட இன்னொரு ஆளை அனுப்பவில்லை.

இது வியாதிதான், ராணுவத்திலிருந்து வருகிற பலருக்கு வருகிறது, வைத்தியம் உண்டு, இதனால் பென்ஷன் போகாது என்றார் டாக்டர். "சர்க்கரைக்கு வர்றாங்க, கண்ணுக்கு வர்றாங்க. இதுக்கு மட்டும் வர மாட்டேங்கறாங்க." கிளம்பும்போது என்னிடம் சொன்னார்: "மாத்திரை கொடுத்திருக்கேன். மாசாமாசம் கூட்டிட்டு வாங்க, பேசணும். ஆனா திரும்பவும் அதே நாற்காலியில உட்கார வச்சீங்கன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. ஏரியில் மீன் நன்றாக விழுகிற இடங்களில் யார் என்றைக்கு வலை கட்டுவது என்று எங்களுக்குள் முறை வைத்துக்கொள்வோம். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். அதைப் பேசி முடித்ததும் நான் எழுந்தேன். நான் எழுந்ததே எல்லோருக்கும் வேடிக்கையாக இருந்தது.

"ஐய, ஊமை எழுந்துட்டான்பா. மழை வரப் போவுது."

"மாப்ள இனிமே காவலுக்கு வர மாட்டாரு" என்றேன்.

"ஏன், சம்பளம் வேணுமாமா?"

"தூங்கணும். டாக்டர் சொல்லிக்கீறாங்க."

"தூக்கம் வரலன்னா ஒரு கட்டிங் ஊத்தி உடு. இதுக்கு எதுக்கு டாக்டரு?"

சிரித்தார்கள். மஃப்ளரைக் கழற்றினேன். சளி பிடித்திருக்கிறது, அதனால்தான் பகலிலும் சுற்றியிருக்கிறான் என்று நினைத்திருப்பார்கள். கழுத்தில் விரல் தடங்கள் கறுத்துப் போயிருந்தன. யார் என்று கேட்டார் தலைவர். சொன்னேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. மாலை போட்ட அதே ஆட்கள்தான் பேசினார்கள். "இந்த மாரி ஆள ஊருக்குள்ள வெக்கலாமா?" என்றான் ஒருவன். "புள்ளைங்க ஓடியாடுற எடம்பா. எங்கனா ஹோம்ல சேத்துடுங்க" என்றான் இன்னொருவன். "கட்டிப் போடுங்க மொதல்ல" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அவருக்கு நல்லது செய்ய எழுந்து, அவரை ஊரை விட்டே அனுப்புகிற வேலையைச் செய்துவிட்டேன்.

பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து என் தங்கை நடுவில் வந்து நின்றாள்.

"ராவெல்லாம் உங்க என்ஜினக் காவ காத்தப்ப அவர் பைத்தியம் இல்ல. இன்னைக்குத் தூங்கணும்னு கேட்டா பைத்தியமா? கட்டிப் போடணும்னு சொன்னது யாரு? முன்னால வா. நீ ராத்திரி நல்லாத் தூங்குனியா, சொல்லு."

ஒருவரும் வரவில்லை. அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. "காவலயும் பாடு போடுவோம். வீட்டுக்கு ஒரு ஆளு. மொதப் பாடு என்து" என்றேன்.

"நாற்காலி போட்டது நாந்தான்" என்றார் தலைவர். பிறகு, "ரெண்டாவது என்து" என்றார்.

அன்று பொழுது சாயும் நேரத்தில் கரைக்குப் போனேன். நேர் எதிரிலிருந்து, அவர் பார்க்கும்படி நடந்தேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். எந்தப் போட்டில் என்ஜின் இருக்கிறது, எந்தக் கயிறு இற்றுப் போயிருக்கிறது, எந்த நாய் காரணமில்லாமல் குரைக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். டார்ச்சை என் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு அப்படியே நின்றார்.

"போ மாப்ள" என்றேன். போகவில்லை.

"இன்னும் நீ சொல்லல மச்சான்."

"நான் வந்துட்டேன் மாப்ள" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு நடந்தார். அன்று ராத்திரி நான் சரியாக உட்கார்ந்திருக்கிறேனா என்று பார்க்க மூன்று முறை திரும்பி வந்தார். தங்கை சொன்னாள், நான்காவது முறை வாசல்படி வரை போய் அங்கேயே உட்கார்ந்தாராம், சுவரில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டாராம். அவரை எழுப்பப் பயந்து, வெயில் முகத்தில் படுகிற வரைக்கும் வீட்டில் யாரும் பாத்திரத்தைத் தொடவில்லையாம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். ஆகவில்லை. மாசாமாசம் ரயிலில் போய் வருகிறோம். மாத்திரையால் கை நடுங்குகிறது என்கிறார். சில நாள் தூங்குகிறார். போன வாரம் ஒருவன் குடித்துவிட்டு, தன் பாடு வந்த அன்று காவலுக்கு வரவில்லை. எப்படித் தெரிந்ததோ, இவர் எழுந்துபோய் விடிய விடிய அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். திரும்பவும் பத்து நாள் பின்னால் போனதுபோல ஆகிவிட்டது. அவனைத் தலைவர் செருப்பால் அடிக்காத குறை.

நான் திரும்பத் திரும்ப நினைப்பது சேற்றில் கிடந்ததை இல்லை. அந்த வருஷங்களில் நான் எவ்வளவு நன்றாகத் தூங்கினேன் என்பதைத்தான்.

பொழுது சாய்கிறது. இன்று காவல் என் பாடு. நேரத்துக்குப் போக வேண்டும், நான் வந்துவிட்டேன் என்று சொல்கிற வரைக்கும் அவர் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

மார்கழி மாதம், அமாவாசைக்கு முந்தின நாள், வியாழக்கிழமை.