சுகிர்தம் அக்காவும் அணைக்க முடியாத போனும்

மருதனார்மடத்தில் உள்ள எங்கள் அலுவலகத்துக்குக் காலையில் முதலில் வருபவர் சுகிர்தம் அக்கா. யாழ்ப்பாணக் கடற்கரையிலுள்ள கொழும்புத்துறையிலிருந்து பஸ் மாறி வருவார். முருங்கைக்காயும் மாம்பழமும் வெளிநாட்டுக்கு அனுப்பும் நிறுவனம் எங்களுடையது. எந்தப் பெட்டி எந்த விமானத்தில் வருகிறது என்று வாங்குபவர்களுக்கு மின்னஞ்சல் எழுதுவது அவருடைய வேலை. கணவர் சிமியோன் கடற்றொழிலாளி, நெஞ்சுவலியில் இறந்துபோனார். அதற்குப் பிறகு அக்கா தையல் தைத்தார், கோவில் பாலர் பள்ளியில் படிப்பித்தார், நாற்பது வயதைக் கடந்த பின் கணினி பழகினார். ஒரே மகன் றஜிந்தன்.

றஜிந்தன் இப்போது எங்கே இருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது. பிரான்சுக்குப் போவதாக, கள்ளவழியில் ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் ஒருவனோடு புறப்பட்டவன், ஏதோ ஒரு எல்லைக்குக் கிட்ட நிற்பதாக வேறு யாருடையதோ போனிலிருந்து ஒருமுறை பேசினான். பிறகு கதை இல்லை. போன் கொண்டுபோகக் கூடாது என்று ஏஜென்சிக்காரன் சொன்னதால் தன்னுடையதை வீட்டில் விட்டுப் போயிருந்தான். அவனுக்குப் பாடமாக இருந்தது தன் சொந்த இலக்கம் ஒன்றுதான். யாருடைய போன் கையில் கிடைத்தாலும் அந்த இலக்கத்துக்கே வாட்ஸ்அப்பில் எடுப்பேன் என்று சொல்லியிருந்தான். காசு போடாமல் விட்டதில் சிம் செயலிழந்துவிட்டது. ஆனால் வீட்டு வைபையில் வாட்ஸ்அப் வேலை செய்தது. போனின் பூட்டைத் திறக்கும் இலக்கம் அவனுக்கு மட்டும்தான் தெரியும். பழைய மாடல் போன் என்பதால், அணைந்து எழும்பினாலும் பூட்டைத் திறக்காமலே அழைப்பை எடுக்கலாம். அதனால் அந்தப் போன் எந்நேரமும் உயிரோடு இருக்க வேண்டும். பகலில் அக்காவின் தங்கை இராசாத்தி அதன் பக்கத்திலேயே இருப்பார்.

இந்த ஆண்டு கொழும்புத் தலைமை அலுவலகம் எங்கள் மின்னஞ்சலை நிறுவனத்தின் பணியாளர் பட்டியலோடு இணைத்தது. அதன் பிறகு மின்னஞ்சலைத் திறக்கும்போதெல்லாம் பெயரும் கடவுச்சொல்லும் கொழும்பிலுள்ள அந்தப் பட்டியலில் சரிபார்க்கப்பட்டன. பிழையான கடவுச்சொல் சில தடவை போனால் அந்தப் பெயர் பூட்டுப்பட்டுவிடும். எல்லோரும் புதுக் கடவுச்சொல் வைத்தோம். மற்றவர்களுக்கு ஒரு கரைச்சலும் வரவில்லை. சுகிர்தம் அக்காவின் கணக்கு மட்டும் ஒரே நாளில் பல தடவை பூட்டுப்பட்டது.

கொழும்பில் கணினிப் பிரிவில் இருந்த கஜீபன் மானிப்பாய்ப் பெடியன், பொறுமையானவர். விசைப்பலகை தமிழில் நிற்கிறதா என்று கேட்டார். சேமித்து வைத்திருந்த கடவுச்சொல்லை அழிக்கச் சொன்னார். மின்னஞ்சல் கணக்கையே கழற்றி மறுபடி சேர்க்கச் சொன்னார். கடைசியாக அக்காவை என் கணினியில் இருந்து பார்க்கச் சொன்னார். அங்கேயும் திறந்தது, கொஞ்ச நேரத்தில் பூட்டிக்கொண்டது. அப்போதுதான் அவர் பிழையான முயற்சிகள் எங்கிருந்து வருகின்றன என்று தேடிப் பார்த்தார். எங்கள் அலுவலகத்திலிருந்து ஒன்றுகூட வரவில்லை.

“அக்கா, உங்கடை வீட்டு வைபையிலை இருந்து ஒரு போன் பழைய பாஸ்வேர்டைத் திருப்பித் திருப்பி அனுப்புது. ஆற்றை போன் அது?”

“என்ரை போன் என்ரை கையிலை கிடக்கு, தம்பி. அதிலை மெயில் இல்லை.”

“அப்ப வீட்டிலை பேய்தான் மெயில் பாக்குது போல.”

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த நாங்கள் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. அவருக்கு அந்த நிமிடமே விளங்கியிருக்க வேண்டும். பெற்றோல் தட்டுப்பாட்டுக் காலத்தில் பஸ் ஓடாத நாட்களில் அக்கா வீட்டிலிருந்துதான் வேலை செய்தார். அவருடைய சின்னப் போனில் மின்னஞ்சல் ஏறாததால் றஜிந்தன் தன்னுடைய போனில் அதைப் போட்டுக் கொடுத்திருந்தான். பிறகு அதை யாரும் எடுக்கவில்லை.

அக்கா அன்று ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. கணக்கு பூட்டுப்பட்டுக் கிடந்ததால், பெட்டிகள் போய்ச் சேர்ந்த பிறகுதான் கடிதம் போய்ச் சேர்ந்தது. இப்படியே போனால் கடித வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு அக்காவைப் பெட்டி கட்டும் பக்கம் அனுப்ப வேண்டிவரும் என்று முகாமையாளர் ஜெயனி சொன்னார். அதன் பிறகுதான் அக்கா, ஜெயனியின் மேசையிலிருந்த போனில், எல்லோரும் கேட்கத்தக்கதாக, கஜீபனிடம் விசயத்தைச் சொன்னார்.

பூட்டைத் திறக்க முடியாவிட்டாலும், போனைக் கொண்டுவந்தால் முழுதாக அழித்துப் புதிதாக ஆக்கித் தரலாம் என்றார் கஜீபன்.

“அழிச்சா வாட்ஸ்அப் திரும்ப வருமோ?”

“பழைய சிம்முக்குத்தான் கோட் வரும், அக்கா. அது இல்லாட்டி வராது.”

“அப்ப அதிலை கை வைக்கேலாது. நான் பெட்டி கட்டுறன்.”

கஜீபன், யோசித்துவிட்டு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டார்.

பின்னேரம் எடுத்து விளக்கினார். பழைய கடவுச்சொல்லையே திரும்ப வைக்கப் புது முறை விடாது. அந்தப் போன் கடவுச்சொல்லோடு அனுப்புவது அக்காவின் இப்போதைய பெயரை. பட்டியலில் பெயரை மாற்றிவிட்டால், போன் தன் பாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கலாம், பூட்டுப்பட அந்தப் பெயரில் அங்கே ஆள் இராது. ஆனால் கண்டபடி பெயர் மாற்ற விதி இடம் கொடுக்காது. அடையாள அட்டையில் உள்ள பெயராக இருக்க வேண்டும். எங்கள் பெண்கள் பலரைப் போல அக்காவும் அலுவலகத்தில் கணவரின் பெயரைத்தான் பின்னால் போட்டிருந்தார், சுகிர்தம் சிமியோன் என்று. அட்டையில் தகப்பனின் பெயர் இருந்தது, நீக்கிலாப்பிள்ளை. கணவனின் பெயரை விட்டுத் தகப்பனின் பெயருக்குத் திரும்புபவர்கள் இங்கே பெரும்பாலும் பிரிந்து போனவர்கள். அதைக் கஜீபன் வாய்விட்டுச் சொல்லவில்லை. உங்களுக்குச் சம்மதமோ என்று மட்டும் கேட்டார்.

அக்கா கைப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தார்.

“மாத்துங்கோ, தம்பி. அந்த மனிசன் கோவிக்காது. பெடியனுக்காகத்தானே.”

அன்றே மாற்றினார்கள். திறந்த மின்னஞ்சல் வேலை முடியும்வரை திறந்தபடியே இருந்தது. வாங்குபவர்களுக்கெல்லாம் புதுப் பெயரில் கடிதம் போயிற்று. லண்டனில் இருந்த கடைக்காரர் ஒருவர், பழைய ஆள் வேலையை விட்டுவிட்டாரா என்று கேட்டு எழுதினார். இல்லை, அதே ஆள்தான் என்று அக்கா பதில் போட்டார்.

சில நாட்களுக்குப் பிறகு நிலைமை எப்படி என்று கேட்கக் கஜீபன் எடுத்தார்.

“பழைய பேரிலை இன்னும் வந்துகொண்டுதான் இருக்கு, அக்கா. அதாலை உங்களுக்கு இனி ஒண்டும் இல்லை.”

“அது வாறது உமக்கு அங்கை தெரியுமோ?”

“ஓம், தெரியும்.”

“வராமல் நிண்டா எனக்கு ஒருக்காச் சொல்லுவீரோ?”

அது அவருடைய வேலையில் சேர்த்தியில்லை. ஆனாலும் ஓம் என்றார்.

போன மாதம் ஒரு மத்தியானம், பழைய பெயரில் வருவது நின்றுவிட்டதென்று அவரிடமிருந்து அழைப்பு வந்தது. அக்கா உடனே இராசாத்திக்கு எடுத்தார். இராசாத்தி குசினியில் நின்றிருக்கிறார். வீடு கூட்டும்போது சார்ஜர் கழன்றதைக் கவனிக்கவில்லை. பற்றறி இறங்கிப் போன் அணைந்து கிடந்தது. திரும்பக் கொழுவிப் போட்டு, வைபை பிடித்துவிட்டது என்று அவர் சொல்லும்வரை அக்கா நின்றுகொண்டே இருந்தார். பிறகு கொழும்பிலிருந்து ஒரு வரி வந்தது, திரும்ப வருகிறது என்று. அக்கா கதிரையில் உட்கார்ந்து, டோகாவுக்குப் போகும் மாம்பழப் பெட்டிகளுக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார்.

றஜிந்தனிடமிருந்து இன்னும் அழைப்பு வரவில்லை.