இல்லாத கடனுக்குப் பதினான்கு தவணை

கடன் அடைந்த பிறகும், அது இன்னும் இருக்கிறதென்று பதினான்கு மாதம் என் வீட்டில் பொய் சொன்னேன். அந்தப் பொய்க்கு என் மகள் மில் வேலைக்குப் போய்ப் பணம் கட்டினாள். அந்தப் பணத்தையும் நான் வாங்கிக்கொண்டேன்.

இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இனிமேல் சொல்லப்போவது இது எப்படி நடந்தது என்பதுதான். நியாயம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நீங்களேகூட என்னிடம் யோசனை கேட்டு வந்தவராக இருக்கலாம். கணபதிப் பக்கம் ஒரு பம்புசெட் பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். பட்டறையில் யாருக்காவது கடன் கழுத்தைப் பிடித்தால், என்னைப் போய்ப் பார்க்கச் சொல்வார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பென்சிலும் காகிதமுமாக உட்கார்ந்து எத்தனையோ பேருக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். நான் சொன்ன வழி நல்ல வழிதான். அதில் பொய் கிடையாது. அந்த வழியைக் காட்டிய ஆள்தான் பொய்!

வழியையும் சொல்லிவிடுகிறேன். அதுவும் என்னுடையதல்ல, என் மனைவி ராஜாமணியுடையது.

தங்கையின் கல்யாணத்துக்காக, தொண்ணூற்றிரண்டில், டவுனில் துணிக்கடை வைத்திருந்த ஒருவரிடம் இருபதாயிரம் வாங்கியிருந்தேன். நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி. எனக்குச் சம்பளம் இரண்டாயிரத்து நூறு. முதல் தேதி மாலை கவரைப் பிரிக்காமல் ராஜாமணியிடம் கொடுப்பேன். அவள் அலமாரியிலிருந்து ஐந்து பிஸ்கட் டப்பாக்களை இறக்குவாள். வாடகை, மளிகை, பாலும் காயும், ஆத்திர அவசரம், கடன். முதலில் கடன் டப்பாவில் எண்ணூறு ரூபாய் விழும். பிறகுதான் மற்ற நான்குக்கும் பங்கு.

“முதல்ல குடுக்கறதை எடுத்து வெச்சுப்போட்டா, மீதிதானுங்க நம்மளுது” என்பாள். இந்த ஒரு வரியைத்தான் என் சொந்தச் சரக்குபோல ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

சோப்புக் கட்டியை நூலால் இரண்டாக அறுத்துப் பாதியைத்தான் வெளியே வைப்பாள். மளிகைச் சீட்டை எழுதி முடித்ததும், அதிலிருந்து மூன்று சாமானை அடித்துவிட்டுத்தான் கடைக்குக் கொடுத்தனுப்புவாள். எந்த மூன்று என்பதில் எங்களுக்குள் சண்டை வரும். பெரும்பாலும் என் காப்பித்தூள்தான் அடிபடும். தீப்பெட்டி வாங்கினாலும் செலவு நோட்டில் ஏறும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று பேரும் உட்கார்ந்து கூட்டிப் பார்ப்போம். முப்பது பைசா உதைத்தால் அதை எங்கள் மகள் கவிதா கண்டுபிடித்துவிடுவாள். அவளுக்குக் கணக்கு விளையாட்டு மாதிரி. நான் விரலை மடக்குவதற்குள் அவளிடம் விடை இருக்கும்.

எங்கள் வீட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். விளக்கு வைத்த பிறகு ‘இல்லை’ என்ற சொல் வாயிலிருந்து வரக்கூடாது. உப்பு தீர்ந்துவிட்டால், “உப்பு நிறைஞ்சுபோச்சுங்க” என்பாள் ராஜாமணி. மாதக் கடைசியில் டப்பா காலியானாலும் அதே சொல்தான். கவிதா சிறுமியாக இருந்தபோது, டப்பா நிறைந்துபோனது என்றால் முறுக்கு வாங்கலாமா என்று ஒரு மாலை கேட்டுவிட்டாள். நாங்கள் சிரித்துச் சிரித்து ஓய்ந்தோம். முறுக்கு வாங்கவில்லை.

இரண்டு தீபாவளி போனஸையும் பைசா குறையாமல் கடனில் போட்டதால், மூன்று வருடம் என்று நினைத்தது இருபத்தொன்பதாம் மாதமே முடிந்தது. அது தொண்ணூற்றைந்து சித்திரை. வட்டி எவ்வளவு, அசலில் கழிவது எவ்வளவு என்பது எனக்கும் கடன் கொடுத்தவருக்கும்தான் தெரியும். வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் மாதம் எண்ணூறு என்பது மட்டும்.

துணிக்கடைக்காரர் புரோநோட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். “எல்லாம் சரியாப் போச்சுங்க. நீங்களே கிழிச்சுப்போடுங்க” என்றார். நான் கிழிக்கவில்லை. நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ஏன் கிழிக்கவில்லை? அப்போதே மனதில் ஏதோ இருந்திருக்க வேண்டும்...

திரும்பும் வழியில் ஒரு சோளக்காடு, வீட்டுமனைகளாக சைட் போட்டு விற்பனைக்கு வந்திருந்தது. மஞ்சள் அடித்த கல் நட்டு, மாதத் தவணை என்று போர்டு வைத்திருந்தார்கள். மூன்று சென்ட் பதினேழாயிரத்து எண்ணூறு. சைக்கிளை நிறுத்தி விசாரித்தேன். நாங்கள் இருந்தது லைன் வீடு. பதினோரு குடித்தனத்துக்கு ஒரு குழாய். குடம் வைக்கும் இடத்துக்காக வீட்டுக்காரம்மா ராஜாமணியைப் பேசிய பேச்சுகள் என் காதில் இருந்தன. இதையும் நியாயமாகச் சொல்லவில்லை. விசாரித்தேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

வீடு வந்தபோது விளக்கு வைத்தாகிவிட்டது. ராஜாமணி திருநீறு பூசிய நெற்றியோடு திரும்பி, மாதாமாதம் கேட்பதையே கேட்டாள்.

“கட்டிட்டு வந்துட்டீங்களா? ஏனுங்க, இன்னும் இருக்குதுங்களா?”

அவளுக்குச் சொல்ல வேண்டிய உண்மை ஒரே ஒரு சொல். இல்லை. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான், “இருக்குது” என்றேன்.

பல வருடம் இந்தப் பழியை அந்த வழக்கத்தின் மேல் போட்டுவந்தேன். விளக்கு வைத்த நேரத்தில் எப்படி ‘இல்லை’ என்று சொல்வது? வாய் தானாக ‘இருக்குது’ என்றுவிட்டது, மறுநாள் திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன்... இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடைந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். தீர்ந்தது என்று சொல்லியிருக்கலாம். ராஜாமணியின் சொல்லாலேயே ‘நிறைஞ்சுபோச்சு’ என்றிருந்தால் ஓடிவந்து என் கையைப் பிடித்திருப்பாள். தமிழில் சொல்லுக்கா பஞ்சம்!

உண்மையான காரணத்தை இங்கேதான் முதன்முதலாக எழுதுகிறேன். கடன் இருந்த வரைக்கும் என் வீட்டில் யாரும் என்னிடம் எதையும் கேட்கவில்லை. புதுப் புடவை கேட்கவில்லை, சினிமா கேட்கவில்லை, மாமியார் ஊருக்குப் போக வேண்டுமென்று கேட்கவில்லை. கடன் என்ற சொல்லுக்கு அந்த வீடு அப்படிக் கட்டுப்பட்டது. அது எனக்குப் பிடித்துப்போயிற்று. கடன் முடிந்ததென்று சொன்னால் கை இளகிவிடும், எண்ணூறும் எண்ணூறு திசைக்குப் போய்விடும் என்று பயந்தேன். இன்னும் இரண்டு வருடம் மட்டும் இதே கட்டுப்பாட்டில் வைத்திருந்தால் சைட் ஆகிவிடும். பத்திரத்தைக் கொண்டுவந்து நீட்டி எல்லோரையும் அசத்தலாம் என்று கணக்குப் போட்டேன்.

புரோநோட்டைப் பட்டறையில் என் டூல்பாக்ஸின் அடியில் போட்டேன். அடுத்த மாதம் கடன் டப்பாவின் எண்ணூறு, சைட்காரரிடம் போனது.

அத்தோடு நின்றிருந்தால் இது ஒரு சின்னப் பொய். ஒருநாள் சொல்லிச் சிரித்திருப்போம்.

அடுத்த மாதமே கவிதாவின் பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. கணக்கில் இருநூறுக்கு நூற்றுத் தொண்ணூற்றொன்று! பெண்கள் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் சேர்வதற்கு விண்ணப்பம் வாங்கி, நிரப்பி, செலவு நோட்டுக்குள் வைத்திருந்தாள். இடமும் கிடைத்தது. சேரும்போது இரண்டாயிரத்து முந்நூறு கட்ட வேண்டும். ராஜாமணி ஐந்து டப்பாக்களையும் இறக்கிப் பாயில் கொட்டி எண்ணினாள். ஆத்திர அவசரத்தில் முந்நூற்றுச் சொச்சம் இருந்தது. கடன் டப்பாவில் அந்த மாதத்து எண்ணூறு இருந்தது. அதை அவள் எண்ணக்கூட இல்லை, தனியாகத் தள்ளி வைத்துவிட்டாள். அது ஊரான் பணமல்லவா!

துணிக்கடைக்காரரிடம் மூன்று மாதம் தவணை சொல்லிப் பார்க்க முடியுமா என்று என்னைக் கேட்டாள். ஒத்துக்கொள்ள மாட்டார் என்றேன். அந்த மனிதரைக் கேட்டிருந்தால் பணமே கொடுத்திருப்பார். சைட் தவணையை மூன்று மாதம் நிறுத்தியிருந்தாலும் போதும். அப்படி நிறுத்தினால் கட்டியது போய்விடும் என்று ரசீதில் அச்சடித்திருந்தது. இரண்டு தவணை, ஆயிரத்து அறுநூறு ரூபாய்... அதற்காக வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

கவிதாவேதான் பேச்சை முடித்தாள். “ஒரு வருசம் மில்லுக்குப் போறனுங்கப்பா. கடன் முடியட்டும், அப்புறம் படிச்சுக்கறேன்” என்றாள்.

நான் சொன்னது, “ஆகட்டும் கண்ணு.”

மில்லில் நூலைக் கூம்பில் சுற்றிக் கோன் போடும் பிரிவில் சேர்ந்தாள். காலை ஷிஃப்ட். முதல் சம்பளம் வந்த அன்று பஸ் செலவை மட்டும் எடுத்துக்கொண்டு, அறுநூறு ரூபாயை நேராகக் கடன் டப்பாவில் போட்டாள். ராஜாமணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கவிதா நோட்டை எடுத்துத் தன் முத்து முத்தான எழுத்தில் எழுதினாள்: ‘கடன் – அப்பா 800, கவிதா 600.’

இரண்டும் சேர்ந்து ஆயிரத்து நானூறு. சைட்காரரிடம் கூடுதலாகக் கட்டலாமா என்று கேட்டேன். தாராளமாகக் கட்டலாம் என்றார். கட்டினேன்.

பதினோரு மாதம் அந்த எழுத்து நோட்டில் இருக்கிறது. பதினோரு அறுநூறு, ஆறாயிரத்து அறுநூறு. ஒவ்வொரு முதல் தேதியும் நாளைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். ஒவ்வொரு மாதமும் சொல்வது கடினமாகிக்கொண்டே போனது, ஏனென்றால் சொல்ல வேண்டிய தொகையும் கூடிக்கொண்டே போனது. இது நான் யாருக்கும் போட்டுக் கொடுக்காத வட்டிக் கணக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நோட்டைக் கூட்டிக்கொண்டிருந்த கவிதா தலையை நிமிர்த்தி, இன்னுமா அசல் நிற்கிறது என்று கேட்டாள். வட்டி போகத்தானே அசலில் கழியும் என்று எரிந்து விழுந்தேன். நூற்றுத் தொண்ணூற்றொன்று வாங்கிய பெண்! அவள் வட்டியைக் கேட்டு ஒருமுறை போட்டுப் பார்த்திருந்தால் பிடிபட்டிருக்கும். போட்டுப் பார்க்கவில்லை. அப்பன் சொன்ன கணக்கை யார் சரிபார்ப்பார்கள்?

மறு ஆனியில் சைட்டுக்குக் கடைசித் தவணை கட்டினேன். வீட்டுக்கு வந்து, கடன் முடிந்தது என்று சொன்னேன். கூடவே, பட்டறையில் ஒருவரால் தவணை கட்ட முடியாமல் போன சைட் சல்லிசாக வந்தது, முதலாளியிடம் முன்பணம் வாங்கி முடித்துவிட்டேன் என்றும் சொன்னேன். ஒரு பொய்யை மூட இன்னொன்று. ராஜாமணி பாயசம் வைத்தாள். புரோநோட்டை எல்லோர் முன்னாலும் கிழிக்க வேண்டுமென்றாள். டூல்பாக்ஸிலிருந்து எடுத்து வந்திருந்ததைக் கொடுத்தேன். அதில் கிரீஸ் கறை இருந்தது. கிழித்தவள் கவிதா.

இனிமேல் கல்லூரிக்குப் போ என்று நானே சொன்னேன். சொன்னேன் என்பதற்காக எனக்கு மதிப்பெண் போட்டுவிடாதீர்கள். தன்னோடு படித்தவர்கள் எல்லோரும் இரண்டாம் வருடம் போய்விட்டார்கள், போதும் என்றுவிட்டாள். மில்லிலேயே இன்னும் ஒன்றரை வருடம் இருந்தாள். பிறகு கிணத்துக்கடவில் தேங்காய் மண்டியில் எழுத்து வேலை பார்க்கும் பையனுக்குக் கட்டிக்கொடுத்தோம். நல்ல பையன். அந்தக் கல்யாணத்துக்குக் கடன் வாங்கவில்லை என்று ஊரே என்னை மெச்சியது.

சைட்டில் இரண்டு அறை கட்டிக் குடிவந்தோம். தனிக் குழாய். ராஜாமணி இன்றைக்கும் வருபவர்களிடமெல்லாம், இது மகள் மில்லுக்குப் போய்க் கடனை அடைத்ததால் நின்ற வீடு என்று பெருமையாகச் சொல்வாள். அவள் சொல்வது எவ்வளவு சரி என்று அவளுக்குத் தெரியாது. நான் எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விடுவேன்.

தொண்ணூற்றொன்பதில் ஒரு நாள், சொல்லியே தீர்வது என்று கிணத்துக்கடவுக்குப் பஸ் ஏறினேன். ஆறாயிரத்து அறுநூறையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போனேன். மாப்பிள்ளை மண்டியிலிருந்து வரவில்லை. கவிதா எனக்குக் காப்பி வைத்துக் கொடுத்தாள். அலமாரியில் ஐந்து பிஸ்கட் டப்பாக்கள் இருந்தன. ஸ்கூட்டர் வாங்கிய கடன் ஓடுகிறது என்றாள். கடன் டப்பாவின் மூடியில் ஒரு தாள் ஒட்டி, ஒவ்வொரு மாதமும் அசல் எவ்வளவு நிற்கிறது என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தாள்.

“எங்கூட்ல எவ்வளவு நிக்குதுன்னு எல்லாருக்கும் தெரியோணுமுங்கப்பா” என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். தெரிந்து சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா... அவள் முகத்தில் எதையும் என்னால் படிக்க முடியவில்லை. என் கை கவரின் மேல் இருந்தது.

அவள் எழுந்து போய் விளக்கை ஏற்றினாள். கும்பிட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். நான் உட்கார்ந்திருந்த விதம் அவளுக்கு என்னவோபோல் இருந்திருக்க வேண்டும்.

“ஏனுங்கப்பா, எங்கிட்ட ஏதாச்சும் சொல்லோணுமா?”

அன்றைக்கு விளக்கைச் சாக்காக வைத்து நான் சொல்லாத சொல், அவளுடைய விளக்குக்கு முன்னால் தடையில்லாமல் வந்தது.

“இல்லை கண்ணு” என்றேன். “ஒண்ணுமில்லை.”