கிருபாமணியின் பெயரை அடித்த கிறிஸ்துமஸ்

பொன்னுத்தாய்க்கு இரண்டு பெயர்கள். ரேஷன் கார்டிலும் சாதிச் சான்றிதழிலும் பொன்னுத்தாய். சபைப் பதிவேட்டில் கிருபாமணி.

பாபநாசத்துக்கு மேற்கே அவள் குடியிருந்த தெருவில் இது அதிசயமில்லை. ஜெபவீட்டுக்குப் போகிற முப்பது குடும்பங்களில் பாதிக்கு மேல் அப்படித்தான். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவும் வேலைக்கு மனுப் போடவும் ஒரு பெயர், பாடவும் ஜெபிக்கவும் இன்னொன்று. பத்தொன்பது வருஷமாகப் பொன்னுத்தாய் அந்த இரண்டும் ஒன்றோடொன்று முட்டாமல் பார்த்துக்கொண்டாள். ஒரே வீட்டில் இரண்டு நோயாளிகள் இருந்தால், ஒருவர் மாத்திரை மற்றவர் வாய்க்குப் போகாமல் தனித்தனி டப்பாவில் வைப்பதில்லையா, அப்படி.

அவள் வேலையே அதுதான். தஞ்சாவூரில் ஆறு மாதம் பயிற்சி எடுத்துவிட்டு, படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீட்டோடு போய்ப் பார்த்துக்கொள்வாள். இப்போது பார்ப்பது பண்ணைக்காரர் வீரையனின் தாயார் ஞானாம்பாளை. பக்கவாதம் வந்து இரண்டு வருஷமாகியும் அந்த அம்மாள் முதுகில் ஒரு புண் கிடையாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போட வேண்டும், அவ்வளவுதான் ரகசியம்.

அவள் சபைக்குப் போனதற்குப் பெரிய தரிசனம் எதுவும் காரணமில்லை. முதன்முதலாக வேலைக்குப் போன வீட்டில் நோயாளிக்கு மலம் துடைத்துவிடுகிற அவள் கைக்குத் தனி டம்ளர் கொடுத்தார்கள். அதே வாரம் யாரோ ஜெபக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். அங்கே எல்லாரும் ஒரே வரிசை நாற்காலியில் உட்கார்ந்தார்கள். வேறு தெருப் பெண் ஒருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தாள். முதலில் நாற்காலிக்காகப் போனாள். பிறகு நம்பிவிட்டாள். அந்த நம்பிக்கையில் கலப்படம் கிடையாது.

சிக்கல் மகள் கனிமொழியால் வந்தது என்று சொன்னால் பாவம். அந்தப் பெண் செய்ததெல்லாம் நர்சிங் படித்துப் பரீட்சை எழுதி, அரசு நர்ஸ் வேலைக்கு ஆதி திராவிடர் ஒதுக்கீட்டில் தேர்வானதுதான். ஆனால் கிறிஸ்தவர் ஆகிவிட்டால் அந்த ஒதுக்கீடு கிடையாது. சட்டம் பழைய சட்டம். முன்பெல்லாம் யாரும் தோண்டித் துருவிக் கேட்பதில்லை. ஞானஸ்நானம் எடுத்துச் சபைக்குப் போய்க்கொண்டே, வேலைக்காக மட்டும் இந்து என்று சொல்ல முடியாது என்று டெல்லியில் தீர்ப்பு வந்த பிறகு கேட்கிறார்கள், பெற்றோரின் மதத்தையும் சேர்த்து. அந்தச் செய்தி தெருவில் எல்லார் போனிலும் வந்தது. யாரும் யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை.

கனிமொழி இன்னும் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. சபையில் தொட்டி கிடையாது, ஆற்றில்தான் கொடுப்பார்கள். ஜனவரி கடைசியில் மேட்டூரை மூடிவிட்டால் ஆற்றில் முழுக்குப் போடுகிற அளவுக்குத் தண்ணீர் நிற்காது. அதனால் போதகர் டிசம்பர் இருபத்தாறு என்று நாள் குறித்து, கனிமொழி பெயரையும் பட்டியலில் எழுதியிருந்தார். கனிமொழிக்கும் அதில் ஆசைதான். ஆர்டர் கைக்கு வரட்டும், பிறகு முழுக்கு எடுக்கலாம் என்று போதகரிடம் சொல்ல முடியாமல் தாயும் மகளும் மென்று விழுங்கிக்கொண்டிருந்தபோது, இருபத்துமூன்றாம் தேதி காலையில் சான்றிதழ் விசாரணைக்குத் தாலுகா ஆபீஸ் வருவாய் ஆய்வாளர், ஆர்.ஐ., வந்தார்.

வருகிற தகவல் முந்தின நாளே தெரியும். சுவரிலிருந்த வசனக் காலண்டரைக் கழற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தார்கள். காலண்டர் இருந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. கனிமொழி உரக்கடைக் காலண்டர் ஒன்றை வாங்கி வந்து மாட்டினாள். அதில் மாரியம்மன் படம். அளவு சிறிது. அம்மனைச் சுற்றி நாலு பக்கமும் வெள்ளைச் சட்டம் போட்டது போல் ஆகிவிட்டது.

ஆர்.ஐ. அரவிந்தன் சின்ன வயசுக்காரர், மரியாதைக்காரர். சுவரைப் பார்த்தார். பேனாவைத் திறந்தார். சாட்சி சொல்ல வீரையன் பைக்கில் வந்திருந்தார். அவர் உள்ளே வரவில்லை. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள்.

"சர்ச்சுக்குப் போறீங்கன்னு சொல்றாங்களேம்மா?" என்று அரவிந்தன் கேட்டார்.

"எப்பவாவது கூப்பிட்டாப் போறதுதாங்க. கோயில்ல காப்புக் கட்டினா அங்கயும்தான் போறேன்." இந்தப் பத்தொன்பது வருஷத்தில் அவள் கோயில் பக்கம் போனதே இல்லை.

"ஞானஸ்நானம் எடுத்திருக்கீங்களா?"

"இல்லீங்க."

ஊசி போடும்போது வலிக்காது என்று நோயாளியிடம் சொல்வதும் பொய்தான். அது நோயாளிக்காக. இந்தப் பொய் யாரை மறுதலித்துச் சொன்னது என்று அவளுக்குத் தெரியும்.

"எழுதிக்குங்க சார்" என்று வாசலிலிருந்து வீரையன் குரல் கொடுத்தார். "இவ அப்பன் எங்க வயல்ல கெடந்தவன். தாத்தன் எங்க தாத்தாகிட்ட. இவ எந்தச் சாமியைக் கும்பிட்டா என்ன, எந்தத் தெருன்னு எங்களுக்குத் தெரியாதா?"

"சாமியும் முக்கியம் சார். அதுக்குத்தானே விசாரணையே."

"அப்ப இந்துன்னு போட்டுக்குங்க. கையெழுத்து எங்க போடணும், சொல்லுங்க."

அவர் உதவத்தான் வந்தார். எதிலிருந்து தப்ப வேண்டும் என்று அவள் அன்றைக்கு நாற்காலியைத் தேடிப் போனாளோ, அதையே உறுதிப்படுத்திக் கையெழுத்துப் போட்டார். பொன்னுத்தாய், "ரொம்ப நன்றிங்க ஐயா" என்றாள். சொல்லாமல் என்ன செய்வாள்?

கனிமொழி இரண்டு டம்ளர் டீ கொண்டுவந்தாள். வீரையன் வேண்டாமென்று கையை ஆட்டிவிட்டார். அரவிந்தன் மட்டும் குடித்தார். பேனாவை மூடினார். "சரிம்மா, எனக்குத் திருப்தி. ரிப்போர்ட்டை இன்னைக்கே அனுப்பிடறேன்."

"ஸ்தோத்திரம்!"

பொன்னுத்தாய் தொண்டையைத் திறந்து, சபையில் சொல்கிற அதே குரலில் சொன்னாள். வலது கை பாதி உயர்ந்துவிட்டது. கனிமொழி காலி டம்ளரைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

வாசலில் வீரையன் விழுந்து விழுந்து சிரித்தார். "கெட்டுது போ! உன் வாயில பிளாஸ்திரி போட்டில்ல உட்கார வச்சிருக்கணும்!"

அரவிந்தன் சிரிக்கவில்லை. மூடிய பேனாவை மறுபடியும் திறந்தார். "அம்மா, எனக்குக் காது மந்தம்னு வச்சுக்கலாம். பின்னால எப்பவாவது மேலேருந்து ஒருத்தர் வருவார். அவருக்கும் மந்தமா இருக்கணுமே? இந்தப் பொண்ணு வேலையில சேர்ந்த பிறகு மாட்டினா வேலையும் போவும், கேஸும் வரும்."

"என்னங்க செய்யணும்?"

"அந்தப் பாஸ்டர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிக் குடுங்க. பொன்னுத்தாய் எங்கள் சபையின் உறுப்பினர் அல்ல. அவ்வளவுதான். 'தற்போது', 'இன்று முதல்' அதெல்லாம் வேணாம். போட்டா முன்னாடி இருந்தீங்கன்னு ஆயிடும். இருபத்தாறு காலையில என் டேபிளுக்கு வந்துடணும்."

அவர்கள் போனதும் கனிமொழி வெடித்தாள். "ஒரே ஒரு வார்த்தை! உன்னால அடக்க முடியலயாம்மா?"

"தும்மல் மாதிரி வந்துடுச்சுடி."

"விடு. அடுத்த தடவை பொதுப் பட்டியல்ல எழுதிப் பாக்கறேன்."

"எழுதுவ. எத்தனை தடவை? பேசாம இரு, நான் பாத்துக்கறேன்."

மறுநாள் காலை ஞானாம்பாளைக் குளிப்பாட்டிப் படுக்க வைத்துவிட்டுப் பொன்னுத்தாய் நேராக ஜெபவீட்டுக்குப் போனாள். போதகர் பஞ்சநதம் முக்காலி மேல் நின்று ஜிகினாத் தாள் கட்டிக்கொண்டிருந்தார். திருவையாற்றுப் பக்கத்துக்காரர். பழைய பெயரோடுதான் இரட்சிக்கப்பட்டேன், அதை ஏன் மாற்ற வேண்டும் என்பார். நல்ல மனிதர். கூப்பிட்ட நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு வருவார். அவர் பிறந்த சாதிக்கு, கிறிஸ்தவர் ஆனதால் போகக்கூடிய சலுகை எதுவும் இல்லை.

பொன்னுத்தாய் தான் சொன்ன பொய்யையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முக்காலியிலிருந்து இறங்கினார்.

"நான் பொய் எழுத மாட்டேன் சிஸ்டர்."

"பொய் வேணாம் பாஸ்டர். உங்க ரெஜிஸ்டர்ல கிருபாமணிதானே இருக்கா? பொன்னுத்தாய்னு யாரும் இல்லையே. உள்ளதை எழுதுங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது வக்கீல் பேச்சு. ஆண்டவர் ரெஜிஸ்டரைப் பாத்தா ஆளைக் கண்டுபிடிக்கறாரு?"

"தாலுகா ஆபீஸ்ல அதைப் பாத்துத்தானே கண்டுபிடிக்கறாங்க."

"சிஸ்டர், ரெண்டு பேரை வச்சுக்கிட்டு எத்தனை நாள்? நான் பிரசங்கத்துல எவ்வளவோ சொல்லிட்டேன்."

"உங்களால சொல்ல முடியும் பாஸ்டர். உங்க பிள்ளைங்க சர்டிஃபிகேட்ல கிறிஸ்தவர்னே இருக்கு. அதனால அதுங்களுக்கு என்ன கொறஞ்சுது? நாங்க சாமியைச் சொன்னாச் சலுகை போவுது. சலுகையைக் கேட்டாச் சாமி போவுது. தெரு மட்டும் எங்கயும் போவ மாட்டேங்குது. நேத்து அதுக்குக் கையெழுத்தே வாங்கியாச்சு."

பஞ்சநதம் கையிலிருந்த ஜிகினாத் தாளைச் சுருட்டி, பிரித்து, மறுபடி சுருட்டினார். கடைசியில், "ஒண்ணுதான் என்னால முடியும்" என்றார். "உண்மையாக்கிட்டு எழுதறேன். பேரை அடிச்சுடறேன். அடிச்சா நீங்க உறுப்பினர் இல்ல. ஆனா ரகசியமா அடிக்க முடியாது. நாளைக்குச் சபையில அறிவிக்கணும். திருவிருந்துல அப்பம் எடுக்கக் கூடாது. கனிமொழி பேரும் ஆத்து லிஸ்ட்ல இருக்காது."

"ஆராதனை போன்ல லைவா போவுமே?"

"அந்த நேரத்துக்குக் கேமராவை அணைக்கச் சொல்றேன். ஆராதனைக்கு வாங்க. அதை யாரும் தடுக்க முடியாது."

"மறுபடி எப்ப சேர்த்துப்பீங்க?"

"அதை நீங்கதான் சொல்லணும்."

கனிமொழிக்கு வயது இருபத்துமூன்று. அறுபதில் ஓய்வு. இவளுக்கு ஐம்பத்துநாலு. மகள் ஓய்வு பெறும்போது இவளுக்குத் தொண்ணூற்றொன்று. தொண்ணூற்றொன்றில் இருந்த இரண்டு பேரை அவள் பராமரித்திருக்கிறாள். இருவருக்கும் தங்கள் பெயரே நினைவில்லை.

"அடிங்க" என்றாள்.

அவர் பதிவேட்டை எடுத்து, அடிஸ்கேல் வைத்து, பதினான்காம் எண்ணில் இருந்த கிருபாமணியின் மேல் சிவப்பு மையால் நேர்கோடு போட்டார். பிறகு சபையின் தாளில் கடிதம் எழுதினார். எழுதுவதற்கு முன்னால் கண்ணை மூடி ஜெபித்தார். பொன்னுத்தாய் கண்ணை மூடவில்லை. 'தற்போது' என்று எங்கேயாவது வந்துவிடுகிறதா என்று எழுத்து எழுத்தாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வரவில்லை.

கிறிஸ்துமஸ் காலை ஆராதனைக்கு நூற்றைம்பது பேர். ஊர்விட்டு ஊர் போனவர்களெல்லாம் வந்திருந்தார்கள். பாட்டு முடிந்தது. பஞ்சநதம் ஸ்டாண்டில் இருந்த போனைக் காட்டிக் கையசைத்தார். அதை எடுத்துக் கவிழ்த்து வைத்தார்கள்.

"ஒரு அறிவிப்பு" என்றார். எப்போதும் மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கிற அவர் குரல் மைக்கிலேயே சரியாகக் கேட்கவில்லை. "சகோதரி கிருபாமணியின் பெயர் சபைப் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டிருக்கிறது. யாரும் காரணம் கேட்க வேண்டாம். அந்தக் குடும்பத்துக்காக ஜெபியுங்கள்."

ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் இருப்பதற்கு நூற்றைம்பது பேர் படுகிற சிரமம் முதுகுகளில் தெரிந்தது. போன் மறுபடி நிமிர்ந்தது. அப்பத்தட்டு வரிசை வரிசையாக வந்தது. பக்கத்து வரிசைப் பெண் தட்டைப் பழக்கத்தில் பொன்னுத்தாய் பக்கம் நீட்டிவிட்டு, நினைவு வந்து, இழுத்துக்கொண்டாள். பொன்னுத்தாய் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

கனிமொழி அவள் காதருகே குனிந்தாள். "அம்மா, லெட்டரைக் கிழிச்சுப் போட்டுடலாமா? இப்பவே?"

"கிழிச்சுட்டு? பேரை அடிச்சது அடிச்சதுதான். ரெண்டும் இல்லாம நிக்கப் போறியா? முன்னாடி பாரு."

ஆராதனை முடிந்து பின்பக்கம் கேக் கொடுத்தார்கள். பொன்னுத்தாய் குழாயடியில் ஒதுங்கி நின்றாள். யாராவது வந்து கட்டிப்பிடித்து அழுவார்கள், அதைத் தாங்க வேண்டும் என்று முதுகை விறைப்பாக வைத்துக்கொண்டாள். முதலில் வந்தவள் மேகலா. அவள் மகள் போலீஸ் தேர்வில் பாஸாகியிருந்தாள். மேகலா அழவில்லை. கை கழுவுகிற சாக்கில் குனிந்தாள்.

"அக்கா, பாஸ்டர் என்ன வார்த்தை போட்டு எழுதினாரு?"

பொன்னுத்தாய் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எம் பொண்ணுக்குப் பிப்ரவரியில வெரிஃபிகேஷன்க்கா. சொல்லு, யாரும் பாக்கல."

அந்தப் பக்கம் இன்னும் இரண்டு பெண்கள் கேக் தட்டோடு நின்றுகொண்டு, பேசாமல், காதை மட்டும் இங்கே வைத்திருந்தார்கள்.

"உறுப்பினர் அல்ல" என்றாள் பொன்னுத்தாய். "வேற ஒரு வார்த்தையும் சேர்க்க விடாத. பக்கத்துல நின்னு பாத்துக்க."

மேகலா அதை மனப்பாட வசனம் போல உதட்டுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். வாசலில் எல்லாருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்த பஞ்சநதம் இந்தப் பக்கம் திரும்பினார்.

"என்ன சிஸ்டர், எதாவது பேசணுமா?"

"ஒண்ணுமில்ல பாஸ்டர்" என்றாள் மேகலா. "நாளைக்குக் காலையில இங்க இருப்பீங்களா?"

"காலையில ஆத்துல ஞானஸ்நானம் இருக்கே. மத்தியானம் வாங்க."

"சரிங்க பாஸ்டர்" என்றாள். கேக் தட்டோடு நின்ற இரண்டு தலைகளும் அவளோடு சேர்ந்து ஆடின.