பேர்ச் குளத்தில் பெரிய மீன்கள்

கடந்த சனிக்கிழமை லண்டன் இல்ஃபோர்டில் மீன்கடைக்குப் போயிருந்தேன். முன்னால் நின்றவர் ஐஸில் கிடந்த சின்ன மீன்களைப் பார்த்து, "பாவம், குஞ்சையும் பிடிச்சுப் போடுறாங்கள்" என்று உச்சுக்கொட்டினார். எனக்குச் சுள்ளென்று ஏறியது. முன்பின் தெரியாதவரோடு சண்டை பிடிக்காதே என்று மனைவி கண்ணால் சொன்னபடியால் வாயை மூடிக்கொண்டேன். உங்களிடமாவது கொட்டித் தீர்க்கிறேன்.

எண்பதுகளின் கடைசியில் நான் ஒரு குளத்துக்குக் காவல்காரன். சிரிக்காதீர்கள். கிழமையில் நாலு நாள் பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட், மிச்ச நாள் குளம். இல்ஃபோர்டைத் தாண்டி, சரளைக்கல் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் நிரம்பி உண்டானது. ஒரு தூண்டில் கிளப் அதைக் குத்தகைக்கு எடுத்து, பேர்ச் மீன் விட்டு வளர்த்தது. பச்சை உடம்பில் கறுப்புப் பட்டை, சிவந்த செட்டை, முதுகில் கையைக் கிழிக்கும் முள். அப்படியொரு வடிவான மீன்.

கிளப் செயலாளர் முதல் நாளே சொன்ன சட்டம் ஒன்றுதான். குஞ்சைக் கொண்டுபோகலாம், பெரியதைத் திருப்பி விடவேண்டும். பெரியதுதான் குஞ்சுகளைத் தின்று தொகையைக் குறைக்கும். பெரியது போனால் குஞ்சு பெருகும், இரை போதாது, ஒன்றுமே வளராது. கரையில் பலகையிலும் எழுதியிருந்தது. பிடிபட்ட மீன்களை அளந்து நான் கொப்பியில் எழுதுவேன். பரீட்சைகூட அவ்வளவு அக்கறையாக எழுதியதில்லை.

செபமாலை அண்ணைக்குக் கிளப் அட்டை எடுத்துக் கொடுத்தது நான்தான். மன்னாரில் வலை இழுத்தவர். நான் லண்டனில் வந்திறங்கியபோது தன் கட்டிலை எனக்குத் தந்துவிட்டு ஆறு மாதம் நிலத்தில் படுத்தவர். குஞ்சு பிடிபட்டால் "பாவம், வளரட்டும்" என்று தண்ணீரில் விடுவார். பெரியதைப் பைக்குள் போடுவார். கடலுக்கு அது சரி. என் குளத்துக்கு நாசம். அவரைப் பார்த்து எங்கள் ஆட்கள் இன்னும் பத்துப் பேர் அட்டை எடுத்தார்கள். எல்லோருக்கும் அதே இரக்கம்!

அவர் கத்தோலிக்கர்; வெள்ளிக்கிழமை அவர் வீட்டில் இறைச்சி இல்லை, என் குளத்து மீன்தான். நாங்கள் சைவக்காரர், வெள்ளிக்கு மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் இல்லை. அதனால் எனக்கென்று ஒரு சட்டி எடுத்துவைத்து, "பழங்கறிதான் ருசி, சாப்பிடு தம்பி" என்று சனிக்கிழமை தருவார். புளியும் வெந்தயமும் மணக்கும். காவல்காரன் நான் சட்டியை வழித்து நக்கினேன். வெட்கங்கெட்டவன்.

இரண்டாம் கோடையிலேயே கொப்பியில் தெரிந்துவிட்டது. அடி நீள மீன்களைக் காணோம். விரல் நீளத்தில், தலை பெருத்து வயிறு ஒட்டிய குஞ்சுகள்தான் நுளம்பு மாதிரி மொய்த்தன. கட்டிலைத் தந்தவரிடம் மீனை விடு என்று எந்த வாயால் சொல்வது? செயலாளர் கேட்டபோது குளிர்மேலும் நீர்க்காகத்தின்மேலும் பழியைப் போட்டேன். அங்கத்தவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். தொண்ணூறுகளின் நடுவில் கிளப் குத்தகையைக் கைவிட்டது.

பலகையைக் கழற்றிய அன்றுதான் அண்ணையிடம் எல்லாவற்றையும் சொல்லிக் கத்தினேன். அவர் தூண்டில் நூலைச் சுற்றியபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"முதலே சொல்லியிருக்கலாமேடா. பெரிசை விட்டிட்டுக் குஞ்சைப் பொரிச்சிருப்பன். எனக்கு மீன்தானே வேணும்."

"பலகையில எழுதிக் கிடந்ததுதானே அண்ணை!"

"எனக்கு இங்கிலீஷ் வாசிக்க ஏலாதெண்டு உனக்குத் தெரியாதே? எனக்கு வாற கடிதமெல்லாம் நீதானே வாசிச்சுச் சொல்லுறனி."

பள்ளத்தை மண் போட்டு மூடி, இப்போது அங்கே கார் நிறுத்துகிறார்கள். அண்ணையும் போய்விட்டார். திட்டுவதற்கு நான் ஒருவன்தான் மிச்சம்.