யாருடைய சித்தம்?

"…ஆக, எல்லாம் கர்த்தரோட சித்தம் தங்கச்சி. ஸ்தோத்திரம் சொல்லுங்க" என்றார், படப்பையில் எங்கள் ஜெபக்கூட்டத்தை நடத்தும் அண்ணன். ஒரகடம் கம்பெனியில் என் வீட்டுக்காரருக்கு சூப்பர்வைசரும் அவரேதான்.

பிரஸ் மெஷினில் இரண்டு விரல்களைப் பறிகொடுத்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார் என் வீட்டுக்காரர். கை உள்ளே போனால் மெஷினை நிறுத்துகிற சென்சாரை, உற்பத்தி லைன் வேகமாக ஓடட்டும் என்று அணைக்கச் சொன்னவர் இந்த அண்ணன். கம்பெனியோ, என் வீட்டுக்காரரின் கவனக்குறைவு என்று சொல்லி வேலையை விட்டே தூக்கப் பார்த்தது. அண்ணன் அங்கே வாயைத் திறக்கவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இன்னாண்ணே பேசுறீங்க? சென்சாரை ஆஃப் பண்ணச் சொன்னது உங்க சித்தம். அத்த ஏன் கர்த்தர் தலையில கட்டுறீங்க?"

"நீ சும்மா இரு" என்று என்னை அடக்கிவிட்டு, கட்டுப்போட்ட கையைப் பார்த்தபடி என் வீட்டுக்காரர் சொன்னார்: "கர்த்தர் என்னைக் கைவுட மாட்டாருண்ணே. நீங்கதான் வுட்டுட்டீங்க."

எல்லாம் அவர் கையில் என்று நான் இன்றும் நம்புகிறேன். அந்த நம்பிக்கைக்குப் பின்னால் ஓர் ஆள் ஒளிந்துகொள்வதைத்தான் இன்றும் பொறுக்க முடியவில்லை.

அண்ணன் ஜெபிக்கக் கண்ணை மூடினார். ஜெபிக்காமலே திறந்தார். போனை எடுத்து மேனேஜரைக் கூப்பிட்டார். "சார், சென்சாரை அணைக்கச் சொன்னது நான்தான்" என்றார்.